உள்ளரங்கில் உங்கள் இருக்கை: டிக்கெட் முதல் ஒலிபெருக்கி வரை கம்ப்யூட்டர் செய்யும் வேலை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் என்ன செய்வார்கள்? பாட்டுக் கேட்பார்கள். போனில் உள்ள படங்களைக் காப்பி செய்து போல்டர் போல்டராகப் பிரித்து வைப்பார்கள். பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுவார்கள். இரண்டாவது மாதம்தான் "இதை வைத்து உருப்படியாக ஏதாவது செய்யலாமே" என்ற எண்ணம் வரும். பல வீடுகளில் அந்த முதல் உருப்படியான வேலை, ஒரு டிக்கெட் புக் செய்வதுதான். பணம் சம்பந்தப்பட்ட வேலை என்பதால் பயமும் கூடவே வரும். அந்தப் பயம் நல்லதுதான். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்து கொண்டால் பயம் எச்சரிக்கையாக மாறிவிடும்.

வண்டலூரில் ஒரு குடும்பம் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அப்பா, அம்மா, கபடி ரசிகையான மகள், பாட்டென்றால் உயிரை விடும் மகன். இவர்கள் நால்வரும் சென்னை நகரின் நடுவே உள்ள ஓர் உள்ளரங்கில் நடக்கும் நிகழ்ச்சிக்குப் போக விரும்புகிறார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் தொடங்கி அரங்கின் இருக்கை வரை அவர்களுடனேயே நாமும் போவோம்.

எந்த அரங்கம்?

சென்னையில் உள்ளரங்கம் என்றதும் நினைவுக்கு வருவது பெரியமேட்டில் உள்ள ஜவஹர்லால் நேரு உள்விளையாட்டு அரங்கம். 1995 டிசம்பரில் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி அந்த ஆண்டு திறக்கப்பட்டது. சுமார் 8,000 பேர் அமரலாம். முழுவதும் குளிர்சாதன வசதி கொண்டது. புரோ கபடி லீகின் 6-வது சீசன் 2018 அக்டோபர் 7 அன்று இங்கேதான் தொடங்கியது. 2022 ஜூலை 28 அன்று செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா இங்கே நடந்தது. ஆட்டங்கள் மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் நடந்தன. 2024-இல் அல்டிமேட் டேபிள் டென்னிஸ் போட்டிகளும் இங்கே நடந்தன.

இங்கே முதல் எச்சரிக்கை. அருகிலேயே அதே பெயரில் கால்பந்து நடக்கும் திறந்தவெளி மைதானமும் உள்ளது. இரண்டுக்கும் வாயில்கள் வேறு. மெட்ரோ ரயிலில் "நேரு பூங்கா" என்ற நிலையமும் உண்டு. அது இந்த அரங்கத்துக்கான நிலையம் அல்ல. சென்ட்ரல் மெட்ரோதான் பக்கம். எனவே இணையதள வரைபடத்தில் "நேரு" என்று மட்டும் டைப் செய்து முதலில் வரும் புள்ளியை நம்பாதீர்கள். டிக்கெட்டில் உள்ள முழுப் பெயரையும் வாயில் எண்ணையும் பார்த்துத் தேடுங்கள்.

ஒரே தளம், பல வேடம்

திறந்தவெளி மைதானத்துக்கும் உள்ளரங்குக்கும் உள்ள பெரிய வித்தியாசம், உள்ளரங்கம் வேடம் மாற்றிக் கொள்ளும் என்பதுதான். ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். கூடைப்பந்துக்கு 28 மீட்டரும் 15 மீட்டரும் வேண்டும். வாலிபாலுக்கு 18-க்கு 9. பாட்மின்டனுக்கு 13.4-க்கு 6.1 போதும். ஒரே தளத்தில் இன்று கபடி விரிப்பு இருக்கும். அடுத்த வாரம் ஒரு முனையில் கச்சேரி மேடை நிற்கும்.

குளிர்சாதனக் காற்றைக் கூட ஆட்டத்துக்கு ஏற்பத்தான் விட வேண்டும். பாட்மின்டன் இறகுப் பந்தின் எடை 5.5 கிராமைத் தாண்டாது. மேலிருந்து வரும் காற்று கொஞ்சம் வேகமாக இருந்தாலும் பந்து கோட்டைத் தாண்டிப் போய் விழும்.

மேடை மாறினால் இருக்கைக் கணக்கும் மாறும். கபடிக்கு நான்கு பக்கமும் உட்கார்ந்து பார்க்கலாம். கச்சேரிக்கு மேடையின் பின்பக்க இருக்கைகளை விற்க முடியாது. அதே சமயம் தளத்தின் மீதே நாற்காலிகள் போட்டு இடத்தைக் கூட்டலாம். எனவே ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதிதாக ஓர் இருக்கை வரைபடம் தயாராகிறது. டிக்கெட் தளத்தில் நீங்கள் பார்க்கும் சின்னச் சின்னக் கட்டங்கள் அதுதான்.

கட்டத்தின் பின்னால் என்ன இருக்கிறது?

எக்ஸெல் புரோகிராமைத் திறந்து பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு வரிசை ஓர் இருக்கை என்று எண்ணிக் கொள்ளுங்கள். பிளாக், வரிசை, எண், விலை என்று நான்கு கட்டங்கள். ஐந்தாவது கட்டம் மிக முக்கியம். அதில் "காலி", "பிடித்து வைக்கப்பட்டது", "விற்கப்பட்டது" என்ற மூன்றில் ஒன்று இருக்கும். இப்படி அடுக்கி வைத்த தகவல் தொகுப்பைத்தான் டேட்டாபேஸ் என்கிறோம்.

நம் குடும்பம் வண்டலூரில் ஓர் இருக்கையை க்ளிக் செய்கிறது. அதே நொடியில் கூடுவாஞ்சேரியில் இன்னொருவர் அதே இருக்கையை க்ளிக் செய்கிறார். சர்வர் இரண்டு வேண்டுகோள்களையும் ஒன்றாகக் கவனிக்காது, வரிசையில் நிறுத்தும். முதலில் வந்தவருக்கு இருக்கையைப் பூட்டிவிட்டு, அடுத்தவருக்கு "இந்த இருக்கை இல்லை" என்று பதில் தரும். பூட்டு சில நிமிடங்களுக்குத்தான். திரையில் ஓடும் கடிகாரம் அதைத்தான் காட்டுகிறது. நேரம் முடிந்தால் இருக்கை மீண்டும் "காலி" ஆகிவிடும். ஆகவே பணம் கட்டும் பக்கத்துக்கு வந்த பிறகு பர்ஸைத் தேடி அலமாரிக்கு ஓடாதீர்கள். எல்லாவற்றையும் முன்னதாகவே எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்.

எண் போட்ட இருக்கை ஏன் முக்கியம் என்பதைத் தென்சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 செப்டம்பர் 10 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூர் அருகே திறந்தவெளியில் ஏ.ஆர். ரஹ்மானின் இசை நிகழ்ச்சி நடந்தது. கையில் டிக்கெட் வைத்திருந்தும் நெரிசலால் பலர் உள்ளே போக முடியாமல் வீடு திரும்பினார்கள். குழந்தைகளோடு வந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பிறகு மன்னிப்புக் கேட்கப்பட்டது. பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடும் செய்யப்பட்டது. எண் இல்லாத பகுதியில், விற்ற டிக்கெட்டுக்கும் இருக்கும் இடத்துக்கும் உள்ள கணக்கை மனிதர்கள்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். எண் உள்ள இருக்கையில், ஒரே நாற்காலியை இருவருக்கு விற்க டேட்டாபேஸ் விடாது. குழந்தைகள், முதியவர்களோடு போவதாக இருந்தால் எண் உள்ள இருக்கையையே தேர்ந்தெடுங்கள்.

பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை!

புதியவர்களை அதிகம் கலங்க வைப்பது இதுதான். யு.பி.ஐ. மூலம் பணம் கட்டுகிறீர்கள். வங்கியிலிருந்து "பணம் எடுக்கப்பட்டது" என்று எஸ்.எம்.எஸ். வருகிறது. ஆனால் திரையில் டிக்கெட் இல்லை. உடனே பதறிப் போய் பேக் பட்டனையோ ரெப்ரெஷ் பட்டனையோ அழுத்தாதீர்கள். மீண்டும் ஒரு முறை பணமும் கட்டாதீர்கள். முதலில் ஈமெயிலையும், அந்தத் தளத்தில் உங்கள் புக்கிங் பட்டியலையும் பாருங்கள்.

அங்கும் இல்லையா? ரிசர்வ் வங்கி 2019-இல் இதற்கு ஒரு விதி வகுத்துள்ளது. கணக்கில் பணம் கழிந்து, விற்பவருக்கு உறுதிச் செய்தி போய்ச் சேராத யு.பி.ஐ. பரிமாற்றம் என்றால், பரிமாற்ற நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். பரிமாற்ற எண்ணைக் குறித்து வைத்துக் கொண்டு உங்கள் வங்கியிடம் கேளுங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணை மட்டும் தேடுபொறியில் தேடாதீர்கள். போலி எண்களை அங்கே போட்டு வைத்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பாஸ்புக்கிலோ கார்டின் பின்புறமோ உள்ள எண்ணையே பயன்படுத்துங்கள்.

போலித் தளத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

நம் குடும்பத்தின் மகனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வருகிறது. "பாதி விலையில் டிக்கெட், இன்று மட்டும்!" என்ன செய்யலாம்?

1. முகவரியைப் பின்னாலிருந்து படியுங்கள். "டிக்கெட்தளம்.காம்.சலுகை.இன்" என்று இருந்தால் அது டிக்கெட்தளம் அல்ல; "சலுகை.இன்" என்ற வேறு யாரோ. முதல் சாய்வுக் கோட்டுக்கு முன்னால், கடைசியாக இருக்கும் பெயர்தான் உண்மையான உரிமையாளர்.

2. பூட்டுப் படத்தை மட்டும் நம்பாதீர்கள். தகவல் மறைகுறியாக்கப்பட்டு அனுப்பப்படுகிறது என்பதுதான் அதன் பொருள். தளத்தை நடத்துபவர் நாணயமானவர் என்பதற்கு அது சான்று இல்லை. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே 2023-இல் குரோம் பிரவுசரிலிருந்து பூட்டுப் படம் எடுக்கப்பட்டது.

3. லிங்க்கை க்ளிக் செய்யாமல், நிகழ்ச்சி நடத்துபவரின் அதிகாரப்பூர்வ பக்கத்தில் எந்தத் தளம் குறிப்பிடப்பட்டுள்ளதோ அந்த முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள்.

4. பணத்தைப் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் எண் தேவையே இல்லை. "ரீபண்ட் அனுப்புகிறோம், பின் எண்ணைப் போடுங்கள்" என்றால் அது மோசடி.

5. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் வேறு கணக்குக்கு மாறுவதற்குள் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.

டிக்கெட்டில் உள்ள புள்ளிக் கட்டம்

டிக்கெட் வந்துவிட்டது. கண்ட்ரோல் விசையோடு பி விசையை அழுத்தி, பிரிண்டராக பி.டி.எப். என்பதைத் தேர்ந்தெடுத்து, "டிக்கெட்" என்ற பெயரில் ஒரு போல்டரில் சேமித்து வையுங்கள். சில நிகழ்ச்சிகளுக்கு மொபைல் ஆப்பில் காட்டும் டிக்கெட் மட்டுமே செல்லும். எனவே நிபந்தனைகளை ஒரு முறை படித்துவிடுங்கள்.

அதில் உள்ள கருப்பு வெள்ளைக் கட்டம் க்யூ.ஆர். கோட். 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம், கார் உதிரிப் பாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கியது. உச்சபட்ச பாதுகாப்பு முறையில் அச்சடித்தால் சுமார் 30 சதவீதம் சேதமானாலும் படிக்க முடியும். பொதுவாக டிக்கெட்டில் அது வைத்திருப்பது ஓர் எண்ணைத்தான். வாயிலில் ஸ்கேன் செய்தவுடன் அந்த எண் சர்வருக்குப் போகும். "விற்கப்பட்டது, இன்னும் வரவில்லை" என்று இருந்தால் பச்சை விளக்கு. உடனே அது "வந்துவிட்டார்" என்று மாறிவிடும். அதே எண் இரண்டாவது முறை வந்தால் சிவப்பு.

இதில்தான் பெரிய ஆபத்து உள்ளது. சந்தோஷத்தில் டிக்கெட்டைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடுபவர்கள் பலர். யாராவது அதை சேமித்துக் கொண்டு உங்களுக்கு முன்னால் வாயிலுக்குப் போய்விட்டால், உள்ளே போவது அவர். வெளியே நிற்பது நீங்கள். ஸ்கேனருக்கு முகம் தெரியாது, எண் மட்டுமே தெரியும். ஆசைப்பட்டால் நிகழ்ச்சி முடிந்த பிறகு போடுங்கள்.

உள்ளே நுழைந்தால்...

அரங்கினுள்ளும் கம்ப்யூட்டர்தான். ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், மேடை ஒலி உங்களை அடைய நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். ஆனால் உங்கள் அருகில் தொங்கும் ஒலிபெருக்கிக்கு மின் கம்பி வழியாக ஒலி உடனே வந்துவிடும். அப்படியே விட்டால் ஒரே சொல் இரண்டு முறை கேட்கும். எனவே பின்வரிசை ஒலிபெருக்கிகளை அதே அளவு நேரம் தாமதிக்க வைக்கிறது ஒரு டிஜிட்டல் கருவி. வேண்டுமென்றே தாமதம் செய்து, தெளிவைத் தருகிறது!

விளக்குகளுக்கு டி.எம்.எக்ஸ். 512 என்ற முறை உள்ளது. ஒரே கேபிளில் 512 கட்டளைத் தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் 0 முதல் 255 வரை ஓர் எண். வெளிச்சம், நிறம், திரும்பும் கோணம் எல்லாமே எண்கள்தான். பெயின்ட் புரோகிராமில் நிறம் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் பார்க்கும் அதே 0 முதல் 255 வரை!

திரையும் அப்படியே. உங்கள் மானிட்டர் 1920-க்கு 1080 என்றால் அதில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் 2023 செப்டம்பர் 29 அன்று திறக்கப்பட்ட ஸ்பியர் என்ற உருண்டை அரங்கில், கூரையும் சுவரும் சேர்ந்து சுமார் 1,60,000 சதுர அடி எல்.இ.டி. திரையாகவே உள்ளன. அளவுதான் வேறு, புள்ளிகளைக் கொண்டு படம் வரையும் தத்துவம் உங்கள் மேஜையில் உள்ளதுதான்.

வீடு திரும்ப வேண்டுமே

வண்டலூர் நிலையத்திலிருந்து பார்க் நிலையம் சுமார் 30 கி.மீ. கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறினால் போதும். பார்க்கில் இறங்கினால் ரிப்பன் மாளிகைக்குப் பின்புறம் அரங்கம். போவது எளிது. இரவு திரும்புவதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். செங்கல்பட்டு வரை செல்லும் கடைசி ரயில் நேரத்தை, டிக்கெட் புக் செய்யும் முன்பே பார்த்து வையுங்கள். தாம்பரம் வரை மட்டும் செல்லும் ரயிலில் ஏறினால், அங்கிருந்து வண்டலூர் வர வேறு வண்டி தேட வேண்டியிருக்கும்.

நம் குடும்பம் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டது என்று வைத்துக் கொள்வோம். பாதி விலை லிங்க்கை அழித்தார்கள். எண் உள்ள நான்கு இருக்கைகளைப் பக்கத்து பக்கத்தில் எடுத்தார்கள். ஸ்டேட்டஸ் போடவில்லை. வாயிலில் போனின் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டினார்கள். நான்கு முறை பச்சை விளக்கு எரிந்தது. அன்று அந்த வீட்டுக் கம்ப்யூட்டர் முதல் முறையாக உருப்படியான ஒரு வேலையைச் செய்து முடித்தது. அடுத்தது உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டராக இருக்கட்டும்.