போக்கர் மேசையில் ஓர் இரவு: ஆட்டக்காரரின் கணக்கும் கசினோவின் கணக்கும்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் சனசமூக நிலைய விறாந்தையிலோ கலியாண வீட்டுப் பந்தலிலோ நள்ளிரவு தாண்டியும் சீட்டாடிக்கொண்டிருக்கும் கூட்டத்தைக் காணாதவர் இருக்க முடியாது. அங்கே ஆடப்படுவது பெரும்பாலும் ‘முந்நூற்று நாலு’. வீரனுக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2 எனக் கூட்டினால் ஒரு நிறத்துக்கு 76 புள்ளிகள். நான்கு நிறத்துக்கும் 304. ஆடுதன், இஸ்கோப்பன் என்று நம்மவர் இன்றும் சொல்லும் பெயர்கள் ஒல்லாந்தர் விட்டுச்சென்றவை. கேள்வி கேட்பதிலும் துரும்பைக் கவிழ்த்து வைப்பதிலும் நினைவாற்றலும் துணிவும் வேண்டும். பெரும்பாலும் காசின்றியே ஆடப்படும் இவ்விளையாட்டில் தோற்றவர் இழப்பது அன்றிரவு கேட்கவேண்டிய கேலிப்பேச்சு மட்டுமே.

இந்த மண்ணில் வளர்ந்த இளைஞர் சிலர், தொழில் நிமித்தம் கொழும்புக்கோ ரொறன்ரோவுக்கோ சென்றபின், போக்கரும் இதைப் போன்றதொரு மூளை விளையாட்டுத்தான் என்று வாதிடக் கேட்கிறோம். “நாங்கள் ஆடுவது சிறு பந்தயம், பொழுதுபோக்கு” என்பது அவர்களின் அடுத்த வாக்கியம். குடாநாட்டில் கசினோ எதுவும் இல்லை. ஆயினும் கொழும்பு இரவு பஸ்ஸில் ஒரு தூக்கத் தூரந்தான். கைத்தொலைபேசியோ அதைவிடவும் அண்மையில் இருக்கிறது. ஆகவே அந்த வாதத்தை ஏளனம் செய்து தள்ளாமல், எண்களைக் கொண்டே பரிசீலிப்பது பயனுடையது.

இன்று உலகெங்கும் கசினோக்களில் பெரிதும் ஆடப்படுவது ‘டெக்சாஸ் ஹோல்டெம்’ என்னும் போக்கர் வகை. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். மேசை நடுவில் முதலில் மூன்று, பின் ஒன்று, இறுதியில் இன்னொன்று என ஐந்து சீட்டுகள் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். ஏழிலும் சிறந்த ஐந்தைச் சேர்த்தவர் வெல்வார். அல்லது ஏனையோர் அனைவரையும் பயமுறுத்தி விலகச் செய்தவர் வெல்வார். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம். ‘எல்லையற்ற’ ஆட்டம் என்பதன் பொருள், எந்த வேளையிலும் தம் முன்னே இருக்கும் வில்லைகள் முழுவதையும் ஒருவர் நடுவே தள்ளிவிடலாம் என்பதே. எனவே ‘சிறு பந்தயம்’ என்று பலகையில் எழுதப்பட்டிருப்பது ஆட்டத்தைத் தொடக்கும் கட்டாயப் பந்தயத்தின் அளவை மட்டுமே குறிக்கும். ஒருவர் எவ்வளவு இழக்கலாம் என்பதை அது குறிப்பதில்லை.

அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் வழக்கமான மிகச் சிறிய மேசையை எடுத்துக்கொள்வோம். கட்டாயப் பந்தயம் 1 டொலரும் 2 டொலரும். ஒன்பது பேர், ஆளுக்கு 200 டொலருடன் அமர்கிறார்கள். மணிக்குச் சுமார் 30 ஆட்டங்கள் நடக்கும். எட்டு மணிநேர இரவில் 240 ஆட்டங்கள். இரண்டு ஏஸ்கள் கையில் வரும் வாய்ப்பு 221இல் ஒன்று. அதாவது, இரவு முழுவதும் கண்விழித்திருந்தால் சராசரியாக ஒரே ஒரு தடவை அந்தச் சிறந்த கை கிடைக்கும். அப்போது எதிரியிடம் அதனிலும் சிறிய ஓர் இணை இருந்து, இருவரும் அனைத்தையும் நடுவே தள்ளினால், ஏஸ் வைத்திருப்பவர் ஐந்தில் ஏறத்தாழ நான்கு தடவை வெல்வார். ஐந்தாவது தடவை, எந்தத் தவறும் செய்யாமலே, அவர் முன்னால் இருந்தது அத்தனையும் போய்விடும். மீதி இரவின் பெரும்பகுதி சீட்டுகளைப் பார்ப்பதும் மடக்கி எறிவதுமாகவே கழியும். திரைப்படங்கள் காட்டும் போக்கருக்கும் இந்தச் சலிப்புக்கும் தொடர்பே இல்லை. அனுபவமுள்ளவர்களுக்கு இத்தொழிலில் வேண்டிய முதற் குணம் பொறுமை; புதியவரின் கைகாசைக் கரைப்பது பெரும்பாலும் அந்தப் பொறுமை தீர்ந்துபோகும் நேரமே. எல்லாம் இழந்தவர் மீண்டும் 200 டொலருக்கு வில்லை வாங்குவதை எவரும் தடுப்பதில்லை. அதிகாலை மூன்று மணிக்கு அவ்வாறு வாங்குபவர் எந்த மனநிலையில் வாங்குகிறார் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

இனி, கசினோவின் கணக்கு. சுழல்சக்கர ஆட்டத்தில் ஆட்டக்காரரின் எதிரி கசினோதான். போக்கரில் ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் மோதுகிறார்கள். கசினோ சீட்டுப் போடுபவரையும் மேசையையும் தந்துவிட்டு, ஒவ்வொரு ஆட்டத்திலும் சேரும் தொகையிலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. ‘ரேக்’ எனப்படும் இப்பங்கு சிறிய மேசைகளில் பத்து வீதம் வரை, நான்கைந்து டொலர் உச்சவரம்புடன் இருப்பது சாதாரணம். சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 3 டொலர் என்றே குறைத்து மதிப்போம். 240 ஆட்டங்களில் 720 டொலர். ஒன்பது பேரும் முதலில் கொண்டுவந்தது 1800 டொலர். விடியும்போது அதில் ஐந்தில் இரண்டு பங்கு எவர் கையிலும் இல்லை. மேசையில் பொருத்திய பெட்டிக்குள்ளே போய்விட்டது.

ஆளுக்குப் பிரித்தால் 80 டொலர். இதன் பொருள், மேசையிலுள்ள மற்றவர்களுக்கு நிகரான திறமையுடைய ஒருவர் சராசரியாக 80 டொலர் இழந்தே எழுவார். இழக்காமல் எழுவதற்கே அவர் 80 டொலர் அளவுக்கு மற்றவர்களைவிடக் கெட்டிக்காரராக இருக்கவேண்டும். பெரும் பந்தய மேசையில் ரேக்கின் உச்சவரம்பு பந்தயத்தோடு ஒப்பிடச் சிறியது. சிறு பந்தய மேசையிலேதான் அது எலும்புவரை கடிக்கிறது. ஏழைக்குச் சில்லறையில் அரிசி விலை கூடுவதைப் போன்றதே இதுவும்.

இதே கணக்கைக் கொழும்புக்குப் பொருத்திப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது. கசினோவுக்குள் நுழையும் இலங்கைப் பிரசைகளுக்கு 50 டொலராக இருந்த நுழைவு வரியை 100 டொலராக உயர்த்தும் திருத்தத்தை அரசாங்கம் 2025இல் முன்வைத்தது. அவ்வரியை ஆட்டக்காரர் தம் பையிலிருந்தே செலுத்துவதாகக் கொண்டால், 200 டொலருடன் அமரும் நம்மவர் முதற் சீட்டைப் பார்க்குமுன்னே அதன் பாதியை இழந்துவிடுகிறார். ரேக்கையும் சேர்த்தால் 180 டொலர். எஞ்சியிருப்பது இலவசமாகக் கிடைக்கும் இரவுணவுதான்.

திறமைசாலிகள் வெல்வதில்லையா? வெல்கிறார்கள். அதை மறுப்பது நேர்மையன்று. 2003இல் அமெரிக்கக் கணக்காளர் ஒருவர், 100 டொலருக்கும் குறைந்த செலவில் இணையவழித் தகுதிச் சுற்றில் வென்று, உலகத் தொடரின் பிரதான போட்டிக்குள் நுழைந்து 25 இலட்சம் டொலர் பெற்றார். பெயர் கிறிஸ் மணிமேக்கர். புனைபெயர் அன்று, குடும்பப் பெயர். அவ்வாண்டு 839 பேர் கலந்துகொண்ட அப்போட்டியில் 2006இல் 8,773 பேர் கலந்துகொண்டனர். ஒருவர் வென்ற கதை உலகெங்கும் சென்றது. அக்கதையை நம்பித் தோற்றவர்களுக்குக் கதை எழுத ஆளில்லை.

திறமையா, அதிர்ஷ்டமா என்ற வழக்கு நீதிமன்றங்களையும் அலைக்கழித்திருக்கிறது. தமிழ்நாட்டின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை ஆராய்ந்த சென்னை உயர் நீதிமன்றம், 2023 நவம்பரில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட போதிலும், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் எனக் கூறி அவற்றைத் தடைப்பட்டியலிலிருந்து விலக்கியது. 2025 ஓகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ அந்த வேறுபாட்டையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்தது.

இவ்விடயத்தில் நமது இரு சமூகங்களின் மூலநூல்களும் நீதிமன்றங்களைவிடத் தெளிவாக இருக்கின்றன. திருவள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். அதை அறத்துப்பாலில் அன்றிப் பொருட்பாலில் வைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. தோல்வியை விட வெற்றியே ஆபத்தானது என்பது அங்கு அவர் தொடங்கும் இடம். திருக்குர்ஆன் அல்பகரா அத்தியாயத்தில் மதுவிலும் சூதிலும் மனிதருக்குச் சில பயன்கள் இருப்பதை ஒப்புக்கொண்டு, பாவம் பயனிலும் பெரிதென்கிறது. பின்னர் அல்மாயிதா அத்தியாயத்தில் விலக்கிக்கொள்ளுமாறே கட்டளையிடுகிறது. ஆட்டத்தில் அறிவு வேண்டுமா என்ற கேள்வியை இரண்டும் பொருட்படுத்தவில்லை. ஒருவர் வீட்டுக்குச் செல்லவேண்டிய பொருள் எங்கே போகிறது என்பதே இரண்டின் கேள்வியும்.

வடக்கில் அந்தப் பொருள் பெரும்பாலும் தனியொருவரின் உழைப்பு அன்று. வெளிநாட்டிலுள்ள தமையன் இரண்டு வேலை செய்து அனுப்பியது. தங்கையின் கலியாணத்துக்கென ஒதுக்கியது. அடகிலுள்ள நகையை மீட்கத் தாய் காத்திருப்பது. போக்கர் நூல்கள் ‘இழந்தால் வாழ்க்கை பாதிக்காத பணத்தை மட்டும் கொண்டுவா’ என்ற பொருளில் அறிவுரை கூறும். இங்கே அத்தகைய பணத்தை வைத்திருப்பவர் எத்தனை பேர்?

கொழும்பில் நூறு கோடி டொலருக்கு மேற்பட்ட முதலீட்டில் எழுந்த ‘சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ்’ வளாகம் 2025 ஓகஸ்டில் கசினோவுடன் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கான சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. 1889ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் 2010இன் கசினோச் சட்டமும் அதனால் நீங்கின. உல்லாசப் பிரயாணிகளின் டொலரே நோக்கம் என்று அரசாங்கம் சொல்லட்டும். நுழைவு வரி உள்நாட்டவரை வாசலில் தடுக்கும் என்றும் சொல்லட்டும். கைத்தொலைபேசியில் ஆடுபவருக்கு வாசலும் இல்லை, வரியும் இல்லை. மணிக்கு 30 ஆட்டம் என்ற வேகக் கட்டுப்பாடும் இல்லை.

புதிய அதிகாரசபை செய்யக்கூடிய மிக எளிய காரியம் ஒன்றுண்டு. போக்கர் நடக்கும் ஒவ்வொரு மேசையிலும், ஒவ்வொரு இணையத் திரையிலும், அன்றிரவு அதிலிருந்து கசினோ எடுத்த மொத்தத் தொகையை மணிக்கொரு தடவை தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் காட்டவேண்டும் என விதிக்கலாம். அதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் எடுத்த தொகையைக் கசினோக்கள் எப்படியும் எண்ணிக்கொண்டுதான் இருக்கின்றன.