ஆளைக் காணோம்!



ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்லி இரண்டு படம் போடுவார்களே, அதே மாதிரி பக்கத்தில் இரண்டு ரஷ்ய ஓவியங்களை ஒட்டியிருக்கிறேன். வரலாறு டீச்சர் பிரிண்ட் எடுத்துத் தந்தது. முதலில் படங்களை நல்லா பாருங்கள், அப்புறம் இதைப் படியுங்கள்.

இரண்டையும் வரைந்தவர் ஒருவரே. பெயர் விளாதிமிர் செரோவ். காட்சியும் ஒன்றுதான். 1917 புரட்சியின்போது பெட்ரோகிராட் நகரில், ஸ்மோல்னி என்ற கட்டடத்தில், ஆட்சி மக்கள் கைக்கு வந்துவிட்டது என்று லெனின் கையை நீட்டிப் பேசுகிறார்.

முதல் படம் 1947-ல் வரைந்தது. லெனினுக்குப் பின்னால் பெரிய மீசையோடு நிற்பவர் ஸ்டாலின். இரண்டாவது படம் 1962-ல் வரைந்தது. அதில் ஸ்டாலினைக் காணோம்! அந்த இடத்தில் சாதாரணத் தொழிலாளிகள் நிற்கிறார்கள்.

நடந்தது ஒரே நாள். பதினைந்து வருஷத்தில் அது எப்படி மாறும்?

1947-ல் நாட்டை ஆண்டவர் ஸ்டாலின். 1948-ல் அந்தப் படத்துக்கு ஸ்டாலின் பரிசு கொடுத்தார்கள். (அவர் நிற்கிற படத்துக்கு அவர் பேரிலேயே பரிசு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.) 1953-ல் அவர் இறந்தார். பிறகு ஆட்சிக்கு வந்த குருஷேவ், ஸ்டாலின் காலத்து அநியாயங்களை 1956-ல் கட்சி மாநாட்டில் எடுத்துச் சொன்னார். 1961-ல், லெனின் உடலுக்குப் பக்கத்தில் வைத்திருந்த ஸ்டாலின் உடலை எடுத்து வெளியே புதைத்தார்கள். ஸ்டாலின்கிராட் நகரத்தின் பெயரையே வோல்கோகிராட் என்று மாற்றினார்கள். அடுத்த வருஷம் படத்திலிருந்தும் ஆள் போய்விட்டார்.

இன்னொரு வேடிக்கை. 1917-ல் செரோவுக்கு ஏழு வயசுதான். அந்தக் கூட்டத்தை அவர் பார்க்கவே இல்லை. லெனினும் போலீசுக்கு அடையாளம் தெரியாமல் இருக்க அந்தச் சமயத்தில் தாடியை மழித்திருந்தார். படத்தில் பாருங்கள், தாடி அழகா இருக்கு!

எனக்கு முதலில் செரோவ் மேல் கோபம்தான் வந்தது. ஆனால் அங்கே ஓவியர்கள் நிலைமை வேறு. 1932-ல் தனித்தனி ஓவியர் குழுக்களையெல்லாம் அரசு கலைத்துவிட்டது. 1934-லிருந்து சோசலிச யதார்த்தவாதம் என்ற ஒரே பாணிதான். பார்த்தவுடனே புரியணும், ஆட்சிக்குப் பெருமை சேர்க்கணும். படம் வாங்குவதும் அரசு, கண்காட்சி வைப்பதும் அரசு. மாலெவிச் என்ற ஓவியர் 1915-ல் வெறும் கறுப்புச் சதுரம் ஒன்றை வரைந்து வைத்தார். (இதெல்லாம் ஒரு படமான்னு கேட்பீங்க. நானும் கேட்டேன்.) 1930-ல் அவரைக் கைது செய்து விசாரித்தார்கள். அந்தச் சதுரம் பல வருஷம் மியூசியக் கிடங்கிலேயே கிடந்தது.

அதுக்காக, செரோவ் பாவம் என்றும் சொல்ல முடியவில்லை. 1962-ல் அவர் அந்த நாட்டுக் கலை அகாடமிக்கே தலைவர் ஆனார்.

எங்க வீட்டிலயும் ஒரு போட்டோ இருக்கு. சொந்தத்துல சண்டை வந்தப்ப பாட்டி அதுல ஒருத்தரைக் கத்தரிக்கோலால வெட்டி எடுத்துட்டாங்க. ஆனா அப்பா தோள் மேல அவரோட கை மட்டும் இன்னும் இருக்கு. அதைப் பார்த்துத்தான் நான் யார்னு கேட்டேன். செரோவ் அப்படிக் கையைக்கூட மிச்சம் வைக்கலை. 1962 படத்தை மட்டும் பார்க்கிறவங்களுக்கு, ஒரு ஆள் குறையுதுன்னே தெரியாது.

இன்னும் வித்தியாசம் கண்டுபிடித்தவர்கள் 9-ஆம் வகுப்புக்கு வந்து என்னிடம் சொல்லவும். தயவுசெய்து படத்தின் மேல் பேனாவால் வட்டம் போடாதீர்கள்.