கோலூன்றிப் பாய்தல்: மூங்கிலும் மலையும்

நம் பள்ளிகளில் ‘கோலூன்றித் தாண்டுதல்’ என்றும் ஈழத்தில் ‘கோலூன்றிப் பாய்தல்’ என்றும் வழங்குவது ஒரே போட்டியே. பின்னைய பெயரே பொருத்தமானது என்பது என் கருத்து. தாண்டுதல் காலின் தொழில். இங்கோ வீரரைக் கோலன்றோ உயர்த்தி எறிகிறது!

1896-இல் ஏதென்சு ஒலிம்பிக்கில் அமெரிக்கரான வில்லியம் ஹோய்ட் 3.30 மீட்டர் தாண்டி வென்றார். அந்நாளைய கோல் கனத்த மரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்விடத்தை மூங்கில் பெற்றது. உள்ளே வெறுமை, இடையிடையே கணு. ஆதலின் கனம் குறைவு, உறுதி மிகுதி. முதுமலைக் காட்டு மூங்கிலைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 1940-இல் கார்னீலியஸ் வார்மர்டாம் 15 அடி உயரத்தை முதன்முதலாகக் கடந்தது மூங்கிற்கோல் கொண்டே. 1942-இல் அவர் நிறுவிய 4.77 மீட்டர் சாதனை 1957 வரை நிலைத்தது.

பின்னர் உலோகக் கோலும், 1960களில் கண்ணாடியிழைக் கோலும் வந்தன. இழைக்கோலின் சிறப்பை அறியச் சிறு கணக்குப் போதும். ஓடிவரும் வேகமே உயரமாக மாறுகிறது. நொடிக்கு 9 மீட்டர் ஓடுபவரின் ஆற்றல் முழுவதும் உயரமாயின் ஏறத்தாழ 4.1 மீட்டர் எழலாம். நிற்கும் உடலின் ஈர்ப்பு மையம் முன்னரே தரையினின்று 1 மீட்டர் அளவில் இருத்தலால், 5 மீட்டர் எட்டும். விறைத்த கோலாயின் இவ்வாற்றலில் ஒரு பங்கு ஊன்றும் அதிர்ச்சியில் வீணாகும். கண்ணாடியிழையோ வில்லென வளைந்து அதனைச் சேமித்து, நிமிரும்போது திருப்பித் தருகிறது. 1985-இல் செர்கெய் புப்கா 6 மீட்டரைக் கடந்தார். 2025-இல் சுவீடன் வீரர் டுப்ளாண்டிஸ் டோக்கியோவில் 6.30 மீட்டர் தாண்டினார்.

நீலகிரியார் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. புப்கா 1994-இல் 6.14 மீட்டர் தாண்டியது ஆல்ப்சு மலையூராகிய செஸ்த்ரியேரில்; அவ்வூர் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தது. உதகையோ ஏறத்தாழ 2,240 மீட்டர். 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரின் உயரமும் அதுவே. அங்கெல்லாம் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்களவு குறைவு. விரைந்தோடுவார்க்கு அது துணை.

காற்று இசைந்தாலும் நிலம் இசைய வேண்டுமே! ஓடுபாதைக்கு 40 மீட்டரேனும் சமதளம் வேண்டும். தேயிலைச் சரிவில் அஃது அரிது. நான்கைந்து மீட்டர் நீளமுள்ள கோலை மடிக்கவும் இயலாது. பர்லியாற்று வளைவுகளில் திரும்பும் பேருந்தில் அதனை எங்ஙனம் ஏற்றுவது? மூங்கிலை வெட்டிப் பழகலாமே என்பாரும் உளர். முறிந்த மூங்கிலின் முனை கத்தியை ஒத்தது. மாணவர் எவரையும் அதற்குத் தூண்டேன். தடித்த மெத்தையின்றிப் பயிற்சியே கூடாது.

ஒலிம்பிக்கில் மகளிர்க்கு இப்போட்டி 2000-இல்தான் இடம்பெற்றது. எனினும் தமிழ் மகளிர் பின்தங்கினாரல்லர். வி. எஸ். சுரேகா 2014-இல் 4.15 மீட்டர் தாண்டி தேசியச் சாதனை படைத்தார். 2022-இல் ரோசி மீனா 4.20 மீட்டர் தாண்டி அதனை முறியடித்தார். நெடும்போர் கண்ட யாழ்ப்பாண மண்ணில், தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் பயின்ற அனித்தா ஜெகதீஸ்வரன் இலங்கைச் சாதனையைப் பன்முறை புதுப்பித்தார்.

கோல்கள் தாண்டுவோரின் எடைக்கேற்ப வகுக்கப்படுவன. ஒரு கோல் எல்லார்க்கும் உதவாது. ஆகவே ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே வாங்குதல் வீண்செலவு. மாவட்டத்தில் ஒரு திடலில் ஒரு மெத்தையும் வெவ்வேறு எடைக்குரிய சில கோல்களும் பொதுவில் இருப்பின், கல்லூரிகள் முறைவைத்துப் பயிலலாம். மலைப்பாதையில் கோலைச் சுமந்து செல்லும் இடரும் நீங்கும்.