சுடாத துப்பாக்கியைச் சுடலாமா?

அமெரிக்கக் குடும்பங்கள் சிலவற்றில் அவ்வப்போது எழும் ஒரு வழக்கு இது. தாத்தா காலமான பின் பரணைச் சுத்தம் செய்கிறார்கள். எண்ணெய்த் தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்த வின்செஸ்டர் ரைபிள் ஒன்று கிடைக்கிறது. வயது அறுபதுக்குக் குறையாது. தாத்தா அதில் ஒரு தோட்டாவைக்கூட வெடித்ததில்லை. பேரன் அதைச் சுடும் திடலுக்கு எடுத்துப் போகத் துடிக்கிறான். தந்தையோ, "சுட்டால் விலை விழுந்துவிடும், அப்படியே விற்றுவிடுவோம்" என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி?

துப்பாக்கியில் நமக்கு நாட்டம் இல்லாமல் இருக்கலாம். ஆயினும் இந்த வழக்கில் வெப்பவியல், உலோகவியல், வேதியியல் மூன்றும் சாட்சி சொல்ல வருகின்றன. ஆகவே சற்று நின்று கேட்போம்.

முதலில் 'சுடாதது' என்ற சொல்லையே சோதிக்க வேண்டும். கண்டிப்பாகப் பார்த்தால் சுடாத வின்செஸ்டர் என்று ஒன்று இல்லை! ஆலையை விட்டு வெளியேறும் முன் ஒவ்வொரு துப்பாக்கியிலும் வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் சோதனைத் தோட்டா ஒன்றை வெடித்துப் பார்ப்பார்கள். தாங்கிய துப்பாக்கியின் குழலில் சிறு முத்திரை ஒன்றைப் பதிப்பார்கள். எனவே 'சுடாதது' என்றால் 'ஆலையை விட்டு வந்த பின் சுடாதது' என்றே பொருள். அப்படியானால் இன்னும் ஒரு முறை சுடுவதால் என்ன கெட்டுவிடும்?

கணக்கிட்டுப் பார்ப்போம். வின்செஸ்டர் 94 என்பது ஜான் பிரவுனிங் அமைத்த துப்பாக்கி. 1894 முதல் எழுபது லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. அதற்குப் பெயர் பெற்றுத் தந்தது 30-30 என்னும் தோட்டா. அதன் குண்டு 11 கிராம் எடையுள்ளது. விநாடிக்குச் சுமார் 670 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 2,470 ஜூல் என்று வரும். குழலின் உட்புறத்தில் வெட்டியுள்ள திருகுப் பள்ளங்கள் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுகின்றன. ஆகவே குண்டு விநாடிக்குச் சுமார் 2,200 முறை சுழன்று கொண்டு வெளிவருகிறது. பம்பரம் சுழலும்போது விழாமல் நிற்பதுபோல் குண்டும் தலைகுப்புறக் கவிழாமல் பறப்பதற்கு இந்தச் சுழற்சியே காரணம். உந்த அழியாமை விதிப்படி மூன்று கிலோ எடையுள்ள துப்பாக்கி, சுடுபவரின் தோளை நோக்கி விநாடிக்கு ஏறக்குறைய 3 மீட்டர் வேகத்தில் உதைக்கிறது.

குழலுக்குள் நடப்பது இன்னும் கடுமையானது. அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப்போல் இரண்டாயிரத்து எண்ணூறு மடங்கை எட்டக்கூடும். வாயுக்களின் வெப்பநிலை எஃகை உருக்கவே போதும். ஆனால் எஃகு உருகுவதில்லை. குண்டு குழலில் இருக்கும் நேரம் விநாடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். அதற்குள் வெப்பம் மிக மெல்லிய மேற்படலத்தைத் தாண்டி உள்ளே செல்ல முடியாது. ஆயிரக்கணக்கான முறை சுட்ட பிறகே அந்தப் படலத்தில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றிக் குழல் தேய்கிறது. ஒரு பெட்டித் தோட்டாவால் குழலுக்கு அளந்து சொல்லும்படியான கேடு எதுவும் நேராது.

பின் விலை ஏன் குறைகிறது? சேகரிப்பவர் விலை கொடுப்பது இரும்புக்கல்ல, ஒரு தகவலுக்கு. அஞ்சல் முத்திரை விழாத பழைய தபால்தலையை நினைத்துக் கொள்ளுங்கள். முத்திரை விழுந்ததால் தாள் கிழிந்துவிடுவதில்லை. ஆனால் 'பயன்படாதது' என்ற நிலை போனது போனதுதான். துப்பாக்கியிலும் அப்படியே. கேப்பை அடிக்கும் ஊசித் துளையைச் சுற்றிப் பித்தளை வளையத் தடம் படியும்; மூலைகளில் கரி ஒட்டும்; நெம்புகோலை இயக்க இயக்க மெருகில் கீறல் விழும். கரியைத் துடைக்கலாம், கீறலை நீக்க இயலாது. இன்று விற்காததை நாளை விற்கலாம். இன்று சுட்டதை நாளை சுடாததாக்க முடியாது. தந்தையின் பக்கத்தில் உள்ள வலுவான வாதம் இதுதான்.

ஆனால் எல்லாச் சுடாத துப்பாக்கிகளுக்கும் ஒரே மதிப்பு இல்லை. 1964-ல் வின்செஸ்டர் ஆலை செலவைக் குறைப்பதற்காகச் செய்முறையை மாற்றியது. கடைந்து செய்த உறுப்புகள் சில, தகட்டை அச்சில் அடித்த உறுப்புகளாயின. அன்று முதல் 'அறுபத்து நான்குக்கு முந்தியது' என்பது சேகரிப்பவர் உலகில் தனிச் சாதியாகிவிட்டது. மாறாக, 1966-ல் நிறுவனத்தின் நூற்றாண்டை ஒட்டிப் பொன் முலாம் பூசிய நினைவுத் துப்பாக்கிகளை ஒரு லட்சத்துக்கும் மேல் செய்து விற்றார்கள். பின்னால் விலை ஏறும் என்று வாங்கியவர்களில் பலர் சுடாமலே பெட்டியில் பூட்டி வைத்தார்கள். பலரும் பூட்டி வைத்தால் அபூர்வம் எங்கிருந்து வரும்? அத்தகைய துப்பாக்கியைப் பேரன் சுட விரும்பினால் நான் தடுக்க மாட்டேன்.

விலையைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. சுட்டால் அது தாங்குமா? சுடாததாலேயே ஒரு பழைய துப்பாக்கி பழுதற்றது என்று எண்ணுவது தவறு. பழுது பிறவியிலேயே இருக்கலாம். அமெரிக்கப் படையின் 1903-ஆம் ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிள் இதற்குச் சான்று. 1917-ல் சில ரைபிள்கள் சுடும்போது வெடித்துச் சிதறின. விசாரித்தபோது காரணம் கொல்லுலையில் இருந்தது. அந்நாளில் அனுபவமிக்க தொழிலாளர்கள் பழுத்த எஃகின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே வெப்பநிலையை மதிப்பிட்டனர். வெப்பமானி கொண்டு அளந்தபோதுதான் உண்மை தெரிந்தது. வெயில் நன்றாக அடிக்கும் நாளில் அவர்கள் 'இது போதும்' என்று கருதிய சூடு, மேகமூட்டமான நாளின் சூட்டைவிட 300 டிகிரி பாரன்ஹீட் வரை அதிகமாக இருந்தது! சுற்றுப்புறம் பளிச்சென்று இருந்தால் செந்தழல் மங்கலாகத் தெரியும்; மேலும் சூடேற்றத் தோன்றும். மிகையாகச் சூடேறிய எஃகின் மணிகள் பருத்து, அது நொறுங்கும் தன்மை பெற்றுவிட்டது. 1918-ல் பதப்படுத்தும் முறையை மாற்றினார்கள். ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையின் 8,00,000-க்குக் கீழ்ப்பட்ட எண் கொண்டவை ஐயத்துக்குரியவை என்று இன்றும் ஒதுக்கப்படுகின்றன. அத்தகைய ஒன்று புத்தம் புதிதாகக் கிடைத்தாலும் சுவரில் மாட்டுவதற்கே உரியது. எது வெயில் நாளில் பிறந்தது என்று யார் சொல்ல முடியும்?

'சுடவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம், இருந்தபடி இருக்கட்டும்' என்பாரும் உண்டு. அப்படியே வைப்பது என்பதும் சும்மா இருப்பதாகாது. எஃகின் கருநீல மெருகு ஓர் இரும்பு ஆக்சைடுப் படலந்தான். துருவை அது ஓரளவே தடுக்கும். விரல் வியர்வையின் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, கைரேகை வடிவிலேயே துருவை எழுதிவிடும். தோலுறையில் வைப்பது இன்னும் கேடு. தோல் பதனிடப் பயன்பட்ட வேதிப்பொருள்கள் எஃகை அரிக்கும். தோல் ஈரத்தையும் பிடித்து வைக்கும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, அருகில் சிலிக்கா ஜெல் பொட்டலம், ஆண்டுக்கு இரண்டு முறை பார்வை ஆகியவை இல்லாமல் சுடாத துப்பாக்கி வெகுநாள் 'புதிதாக' இருப்பதில்லை.

என் தீர்ப்பைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். 1964-க்கு முந்தியது, பெட்டியும் தாள்களும் கூடவே இருக்கின்றன என்றால் விற்றுவிடலாம். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு அதே காலத்து, நன்கு பராமரித்த, சுட்ட துப்பாக்கி ஒன்றை வாங்கலாம். இரண்டின் குண்டும் ஒரே வேகத்தில்தான் பறக்கும். தந்தைக்கும் பேரனுக்கும் சண்டை இல்லை; மீதிப் பணமும் கையில் இருக்கும். தாத்தாவின் கை பட்டது என்பதற்காகவே அது வேண்டும் என்றால் சந்தைக் கணக்கு அங்கே செல்லாது.

சுடுவதென்று முடிவானால் அவசரம் கூடாது. பல்லாண்டு இறுகிக் கிடந்த மசகையும் குழலில் பூச்சி கட்டிய கூட்டையும் முதலில் துடைத்து எடுக்க வேண்டும். தடை இருக்கும் குழலில் குண்டு பாய்ந்தால் அழுத்தம் மேலேறிக் குழல் பிதுங்கிவிடும். தோட்டா அமரும் அறையின் ஆழத்தைத் துப்பாக்கித் தச்சரிடம் கொடுத்து அளவுகட்டையால் சோதிக்க வேண்டும். பரணில் அதே பெட்டியோடு கிடைத்த பழைய தோட்டாக்களைத் தொடாமல் புதியவற்றை வாங்குவதே நல்லது. முற்காலத்துக் கேப்புகள் பலவற்றில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்தபின் எஞ்சும் பொட்டாசியம் குளோரைடு சமையல் உப்பைப் போன்றது. எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். அத்தகைய தோட்டாவைச் சுட்டுவிட்டு எண்ணெய் மட்டும் தடவி வைத்த குழல், சில நாள்களிலேயே உள்ளே சிவந்துவிடும்.