கையில் இருப்பது என்ன?

திருத்தணி மலையடிவாரத்துப் படக்கடைகளில் சிறு குழந்தையும் முருகனை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். முகத்தைப் பார்த்தன்று, கையிலுள்ள வேலைப் பார்த்து! படம் பார்க்கும் இம்முறையை அறிவியல் மேதைகளின் படங்களிலும் கையாண்டால் என்ன என்று எண்ணினேன். அதன் விளைவே இக்கட்டுரை.

மின்காந்தவியலின் முன்னோடிகளை நாம் பாடநூல்களில் வெறும் முகங்களாகவே கண்டிருக்கிறோம். பெயரை மறைத்துவிட்டால் இன்னார் என்று சொல்வது கடினம். ஆனால், அவர்தம் கைகளைச் சற்றே பாருங்கள்.

மைக்கேல் ஃபாரடே 1850-களில் எடுத்துக்கொண்ட நிழற்படம் ஒன்றில் நீண்ட துண்டு ஒன்றைப் பிடித்திருக்கிறார். காந்தம் என்றே நானும் நினைத்தேன். அது கண்ணாடி! 1845-இல் அத்தகைய கனத்த கண்ணாடியைக் காந்தப்புலத்தில் வைத்து, அதனூடே ஒளியைச் செலுத்தினார். ஒளியின் அதிர்வுத் தளம் திரும்பியது. ஒளிக்கும் காந்தத்திற்கும் உறவுண்டு என்பது அன்றே புலனாயிற்று.

ஒளியும் ஒரு மின்காந்த அலையே என்பதை 1865-இல் சமன்பாடுகளால் விளக்கியவர் மாக்ஸ்வெல். அவருடைய இளமைக்காலப் படத்தில் கையிலிருப்பது ஏடன்று. நிறங்களை ஆராய அவர் சுழற்றிய வண்ணப் பம்பரம்!

ஹெர்ட்ஸ் 1888-க்குள் மின்காந்த அலைகளை ஆய்வில் மெய்ப்பித்தார். அவற்றை மேலும் ஆராய்ந்த நம் நாட்டவர் ஜகதீஸ் சந்திர போஸ். 1895-இல் கல்கத்தாவில், கண்ணுக்குப் புலனாகாத அலைகளால் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தவர். 1897-இல் லண்டனில் எடுத்த படத்தில், தம் கருவிகள் பரப்பிய மேசையருகே நிற்கிறார். அவர் கையாண்ட பொருள்கள் யாவை? ரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் தாள்களுக்கிடையே ஈயத்தாளைச் செருகி, அலைகளின் அதிர்வுத் தளத்தை ஆராய்ந்தார். முறுக்கிய சணலினூடே அலைகளைச் செலுத்தி, அத்தளத்தைத் திருப்பியும் காட்டினார். ரயில் அட்டவணையும் சணலும் நாம் காணாதவையா?

இனி என் கதை. செய்முறை வகுப்பில், கருவி உடைந்துவிடுமோ என்றஞ்சி நான் கைகட்டி நின்றேன். நண்பன் எடுத்த அளவீடுகளைப் பார்த்தெழுதினேன். மதிப்பெண்ணும் குறையவில்லை. ஆனால், “மின்சாரம் காந்த ஊசியைத் திருப்புமா, அண்ணா?” என்று தம்பி கேட்டபோது எனக்குச் சூத்திரம் வந்தது, செய்துகாட்டக் கை வரவில்லை. வெட்கமாயிருந்தது.

விடுமுறையில் டார்ச் பாட்டரி, செம்புக் கம்பி, சிறு திசைகாட்டி மூன்றையும் தேடி எடுத்தேன். ஊசிக்கு இணையாக அதன் மேல் கம்பியைப் பிடித்து, நொடிப்பொழுது மின்சாரம் பாய்ச்சினேன். ஊசி திரும்பியது! 1820-இல் ஆர்ஸ்டெட் கண்ட காட்சியை எங்கள் வீட்டுத் திண்ணையில் தம்பியும் நானும் கண்டோம்.

ஆண்டிறுதியில் குழுப்படத்திற்கு நாம் கைகட்டி நிற்போம். அன்று கை வெறுமையாயிருப்பதில் தவறில்லை. ஆண்டு முழுதும் அப்படி இருந்துவிடலாகாது, தோழர்களே!