எந்த செட்டை விடணும்? டிஐஎல்ஆர் சொல்லிக்கொடுப்பது பற்றி ஒரு எபிசோடு

இந்த எபிசோடு ஒரு வாய்ஸ் நோட்ல இருந்து ஆரம்பிச்சது. என் சித்தி பொண்ணு செங்கல்பட்டுல இருக்கா, வேலை கிண்டியில. செங்கல்பட்டுலயே கிளம்புற லோக்கல் ட்ரெய்ன்னா சீட் கிடைக்கும், ஒரு மணி நேரத்துக்கு மேல உட்கார்ந்துட்டே போகலாம். அந்த நேரத்துலதான் அவ கேட் பரீட்சைக்குப் படிக்கிறா. இது எம்பிஏவுக்கான கேட், சி-ஏ-டி. நம்ம இன்ஜினியரிங் பசங்க எம்.டெக்குக்கு எழுதுற கேட் வேற. வாய்ஸ் நோட்ல அவ சொன்னது இதுதான்: "அண்ணா, மேத்ஸ் வருது, இங்கிலீஷ் ஓரளவு வருது, டிஐஎல்ஆர் மட்டும் மண்டையில ஏற மாட்டேங்குது. இன்னொரு கோர்ஸ் சேரட்டுமா?"

சேரலாமா வேண்டாமான்னு சொல்றதுக்கு முன்னாடி, அந்த செக்‌ஷன்ல அப்படி என்னதான் இருக்குன்னு பார்த்துடலாம்.

டிஐஎல்ஆர்னா டேட்டா இன்டர்ப்ரெடேஷன், லாஜிக்கல் ரீசனிங். ஒரு அட்டவணையோ வரைபடமோ நாலஞ்சு குறிப்புகளோ கொடுத்து, அதை வச்சு நாலு அல்லது அஞ்சு கேள்வி கேட்பாங்க. அந்த மொத்தக் கட்டுக்குப் பேர் செட். 2015-க்கு முன்னாடி டேட்டா பகுதி கணக்கோடயும், லாஜிக் பகுதி இங்கிலீஷோடயும் ஒட்டிக்கிட்டு இருந்தது. 2015-லதான் ரெண்டையும் பிரிச்சுத் தனி செக்‌ஷன் ஆக்கினாங்க. 2020-ல இருந்து ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் 40 நிமிஷம், ஒண்ணுல மிச்சமான நேரத்தை இன்னொண்ணுக்கு எடுத்துட்டுப் போக முடியாது. 2024-ல இதுல 22 கேள்வி, அஞ்சு செட். சரியான விடைக்கு மூணு மார்க், ஆப்ஷன் கேள்வியில தப்புக்கு மைனஸ் ஒண்ணு. விடையை டைப் பண்ற கேள்விக்கு மைனஸ் கிடையாது.

இங்க ஒரு விஷயம் கவனிங்க. 40 நிமிஷத்துல அஞ்சு செட்டையும் முடிக்கறவங்க ரொம்ப ரொம்பக் கம்மி. சமீப வருஷங்கள்ல பாதிக்கும் கீழ சரியாப் போட்டவங்களுக்கே 90 பர்சென்டைலுக்கு மேல வந்திருக்கு. ஏறக்குறைய 2.9 லட்சம் பேர் எழுதின 2024-லயும் அப்படித்தான். பேப்பரே அப்படித்தான் அமைச்சிருக்காங்க, மூணு செட்டை விடப்போறவனுக்காக.

ஆனா நாம எப்படி வளர்ந்தோம்? "எல்லாக் கேள்வியும் அட்டெண்ட் பண்ணு, தெரியலன்னாலும் எதையாவது எழுது." பிளஸ் டூவுல இருந்து இன்ஜினியரிங் செமஸ்டர் வரைக்கும் இதுதான் மந்திரம். அடிஷனல் ஷீட் கேட்டு எழுந்து நிக்கிறவன்தான் ஹால்ல ஹீரோ. பதினாறு வருஷம் இப்படி எழுதிப் பழகின கையை, ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார வச்சு "விடு"ன்னா எப்படி விடும்?

என் கதையும் அதேதான். 2021-ல நான் எழுதினப்போ, முதல் செட்லயே 22 நிமிஷம் போச்சு. தீராத செட்னு பத்தாவது நிமிஷத்துலயே எனக்குத் தெரியும். ஆபீஸ்ல ஒரு ரிக்வெஸ்ட் திரும்பி வரலன்னா டைம்அவுட் வைக்கிறவன் நான், பரீட்சையில எனக்கே வச்சுக்கல. இவ்வளவு நேரம் போட்டாச்சே, இப்ப விட்டா அது வீணாயிடுமேன்னு ஒரு பாசம். நான் சேர்ந்திருந்த கோச்சிங்ல நூத்துக்கணக்கான செட் கொடுத்தாங்க, எல்லாத்துக்கும் வீடியோ தீர்வு கொடுத்தாங்க. வீடியோவுல சார் போடும்போது எல்லாம் புரியும். என் ரஃப் ஷீட்டை ஒருத்தரும் ஒரு தடவைகூட வாங்கிப் பார்க்கல.

அதனால தங்கச்சிகிட்ட நான் முதல்ல கேட்டது அவளோட மார்க்கை இல்ல. கடைசியா எழுதின மாக் டெஸ்டோட ரஃப் ஷீட்டை. போட்டோ எடுத்து அனுப்பினா. அதுல ரெண்டு விஷயம் தெரிஞ்சது.

ஒண்ணு, அஞ்சு செட்டையும் தொட்டிருக்கா. மொத்தம் 13 கேள்விக்கு விடை, அதுல சரி 5, தப்பு 8. எட்டுல மூணு டைப் பண்ற வகை. 15 மார்க்ல 5 போச்சுன்னா மிச்சம் 10.

இன்னொண்ணுதான் எனக்கே ஆச்சரியம். அவ லாஜிக்ல கோட்டை விடல, வாக்கியத்துல கோட்டை விட்டிருந்தா. "A, B-க்கு உடனே முன்னாடி இல்லை"ன்னு இங்கிலீஷ்ல ஒரு குறிப்பு. இவ "A, B-க்கு முன்னாடி இல்லை"ன்னு குறிச்சு வச்சிருந்தா. அந்த "இம்மீடியட்லி" கண்ணுல பட்டிருக்கு, கையில வரல. அதே மாதிரி "அட் மோஸ்ட் த்ரீ"ங்கறதை சரியா மூணுன்னு எடுத்திருக்கா. இப்படி ஒரு வார்த்தை போனா செட்டே போச்சு. இதைத் தமிழ்ல சொல்லிப் பார்க்கச் சொன்னேன். "மூணுக்கு மேல போகக் கூடாது, பூஜ்யமும் ஓகே"ன்னு அவளே சொன்னா, சொன்னதும் சரியாப் போட்டா. பரீட்சை இங்கிலீஷ்லதான். ஆனா சொல்லிக்கொடுக்கறதும், குறிப்பை மனசுல திருப்பிச் சொல்லிக்கறதும் தமிழ்ல இருந்தா என்ன குறைஞ்சு போகுது? இதை எந்த கோர்ஸும் விளம்பரத்துல போடறதில்ல.

அந்த வாரக் கடைசியில திருக்கழுக்குன்றம் வழியா பைக்ல மாமல்லபுரம் போனோம். மீன் வறுவல் சாப்பிட்டுக்கிட்டே டிஷ்யூ பேப்பர்ல ஒரு செட் போட்டுக் கொடுத்தேன். நீங்களும் பேனா எடுங்க, சும்மா கேட்டா பத்தாது.

மூணு மீன் கடை, சனி, ஞாயிறு ரெண்டு நாள். ஆக ஆறு கட்டம். சனிக்கிழமை மூணு கடையும் சேர்ந்து 60 பிளேட், ஞாயிறு 90. முதல் கடை ரெண்டு நாளும் சேர்த்து 70. ரெண்டாவது கடை ரெண்டு நாளும் ஒரே அளவு. மூணாவது கடை ஞாயிறு வித்தது, சனிக்கிழமையைவிட ரெண்டு மடங்கு.

உடனே எக்ஸ், ஒய்னு இறங்காதீங்க. முதல்ல எண்ணுங்க. ஆறு கட்டம் தெரியாது, அதைக் கட்டிப்போட எத்தனை கயிறு இருக்கு? அஞ்சு. அப்போ ஒரு கட்டம் தளர்வா ஆடும். அதாவது இந்த அட்டவணையை முழுசா நிரப்பவே முடியாது. இதைத் தெரிஞ்சுக்க பத்து செகண்டு போதும். தெரியலன்னா ஏழு நிமிஷம் நிரப்ப முயற்சி பண்ணி, "எங்கயோ தப்பு பண்ணிட்டேன்"னு அழிச்சு அழிச்சு எழுதுவீங்க.

இப்ப கேள்வி: ரெண்டாவது கடை ஒரு நாளைக்குக் குறைஞ்சது எத்தனை பிளேட் வித்திருக்கும்?

அவ யோசிக்காம "பூஜ்யம்"னா. பார்க்கலாம். ரெண்டு நாளும் சேர்த்து மொத்தம் 150. முதல் கடையோட 70 போனா மீதி 80. இதுல ரெண்டாவது கடையோட ஒரு நாள் விற்பனை ரெண்டு தடவை வருது. மூணாவது கடையோட சனிக்கிழமை விற்பனை மூணு தடவை வருது, ஏன்னா ஞாயிறு அதோட இரட்டிப்பு. ரெண்டாவது கடை பூஜ்யம்னா 80 மூணால வகுபடணும். வகுபடாது, அரை பிளேட் மீன் கணக்குல இல்ல. மூணாவது கடைக்கு 26 வச்சா 78 போயிடும், மீதி 2, ரெண்டாவது கடைக்கு ஒரு நாளைக்கு 1. முதல் கடைக்கு சனி 33, ஞாயிறு 37 வருது, எல்லாம் பொருந்துது. விடை 1. ஒரு கட்டம் ஆடினாலும் எவ்வளவு தூரம் ஆடும்னு ஒரு எல்லை இருக்கு, கேட் கேள்விகள்ல நிறைய அந்த எல்லையிலதான் நிக்கும்.

இதே செட்டைக் கொஞ்சம் திருப்பினா டேட்டா சஃபிஷியன்ஸி. அண்ணா பல்கலைக்கழகம் நடத்துற டான்செட் எம்பிஏ பேப்பர் 2 மணி நேரம், 100 கேள்வி. அதுல இதுக்குன்னே ஒரு பகுதி உண்டு. ஜிமேட்லயும், 2023 நவம்பர்ல வந்த புது வடிவத்துல டேட்டா இன்சைட்ஸ்னு 45 நிமிஷத்துக்கு 20 கேள்வி, அதுக்குள்ள இதுவும் ஒரு வகை. கேள்வி இப்படி வரும்: மூணாவது கடை சனிக்கிழமை எத்தனை பிளேட் வித்தது? தகவல் ஒண்ணு, முதல் கடை சனியைவிட ஞாயிறு 10 அதிகம் வித்தது. தகவல் ரெண்டு, சனிக்கிழமை மூணாவது கடை ரெண்டாவது கடையைவிட அதிகம் வித்தது. எது போதும்?

நமக்கு வேண்டியது ஒரே ஒரு கயிறு. முதல் தகவல் புதுக் கயிறு, எல்லாம் கட்டிடும். ரெண்டாவது வெறும் வேலி, உள்ள நடமாட இடம் இருக்கு. ஒண்ணு மட்டும் போதும், முடிஞ்சது. விடை 20-ன்னு கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்ல, கண்டுபிடிச்சா நேரம்தான் போகும். ஒரு எச்சரிக்கை: "ஞாயிறு மொத்த விற்பனை சனியைவிட 30 அதிகம்"னு ஒரு தகவல் வந்தா அது கயிறு மாதிரியே இருக்கும். ஆனா 60-ம் 90-ம் நமக்கு ஏற்கனவே தெரியும். பழைய கயித்துக்குப் புது பெயின்ட். கயித்தை எண்ணினா மட்டும் போதாது, புதுசான்னும் பார்க்கணும்.

இன்ஜினியர்களுக்கு இந்த வகைதான் கஷ்டம், எனக்கும்தான். தீர்க்க முடியும்னு தெரிஞ்ச இடத்துல நிறுத்தறது நம்ம ரத்தத்துலயே இல்ல.

திரும்பும்போது ஈசிஆர்ல கல்பாக்கம் பக்கம் கொஞ்ச தூரம் போனோம். மணமையில கிரேட் லேக்ஸ் கேம்பஸ் இருக்கு. அமெரிக்காவுல கெல்லாக் ஸ்கூல்ல பேராசிரியரா இருந்த பாலா பாலச்சந்திரன் 2004-ல ஆரம்பிச்ச கல்லூரி. வேலை அனுபவம் இருக்கறவங்களுக்கு ஒரு வருஷப் படிப்பு அங்க இருக்கு, கேட் ஸ்கோரோட விண்ணப்பிக்கலாம். வெளியில வண்டியை நிறுத்தி அவ கொஞ்ச நேரம் பார்த்துட்டு இருந்தா. வீட்டுல இருந்து பைக்ல வந்துடற தூரம், நடுவுல இந்த 40 நிமிஷம்.

இன்னொரு கோர்ஸ் விஷயத்துக்கு வர்றேன். சேர வேண்டாம்னுதான் சொன்னேன். கோர்ஸ் எல்லாம் ஏமாத்துன்னு நான் சொல்லல. ஆனா முந்தைய கேட் பேப்பர்கள் இணையத்துல இலவசமாவே கிடைக்குது, தீர்வுகளும் கிடைக்குது. காசு கொடுத்தா நமக்கு வேண்டியது, நாம எங்க தடுக்கி விழுந்தோம்னு நம்ம தாளைப் பார்த்துச் சொல்ற ஒரு ஆள். டெமோ கிளாஸ் போனீங்கன்னா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "என் ரஃப் ஷீட்டை யார் பார்ப்பாங்க?" பதில் "ஆப்ல அனலிட்டிக்ஸ் இருக்கு"ன்னு வந்தா, டீ குடிச்சுட்டுக் கிளம்பிடலாம். அப்படி ஒரு ஆள் கிடைக்கலன்னா, கூட எழுதற ஃப்ரெண்டோட தாளை மாத்திக்கோங்க. அடுத்தவன் தப்பு நம்ம கண்ணுக்கு டக்குனு தெரியும், கோட் ரிவ்யூ மாதிரி.

நாங்க வச்சுக்கிட்ட ஏற்பாடு சின்னது. முதல் 5 நிமிஷம் பேனாவைத் தொடக் கூடாது. அஞ்சு செட்டையும் படிச்சு, எத்தனை கட்டம், எத்தனை கயிறுன்னு மட்டும் பார்க்கணும். ரெண்டைத் தேர்ந்தெடுக்கணும். எந்த செட்டா இருந்தாலும் 8 நிமிஷத்துல பிடி கிடைக்கலன்னா வெளிய வந்துடணும், அழுதுக்கிட்டே வந்தாலும் சரி.

போன ஞாயிறு மாக் எழுதினா. ரெண்டே செட், 9 கேள்வி, 8 சரி, 1 தப்பு. 23 மார்க். ராத்திரி பத்து மணிக்கு மெசேஜ்: "அண்ணா, நான் விட்ட மூணாவது செட்டை இப்பதான் பார்த்தேன், இருக்கறதுலயே அதுதான் ஈஸி. செம கடுப்பா இருக்கு." அந்த ரஃப் ஷீட்டையும் அனுப்பச் சொல்லியிருக்கேன்.