முன்பின் தெரியாதவருக்காக ஓடும் கணினி

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் லெபனான் என்றொரு சிறிய ஊர் இருக்கிறது. அங்குள்ள கில்டன் பொது நூலகம் 2015ஆம் ஆண்டு தன் கணினி ஒன்றை ‘டோர்’ வலையமைப்புக்காக ஓடவிட்டது. அந்த நாட்டில் இப்படிச் செய்த முதல் நூலகம் அதுதான். மத்திய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை வழியாகச் செய்தி உள்ளூர்க் காவல்துறைக்கு எட்டியது. குற்றவாளிகளும் இதைப் பயன்படுத்தக்கூடும் என்று காவல்துறை சொன்னதும் நூலகம் கணினியை நிறுத்திவைத்தது. செப்டம்பர் 15 அன்று நூலகக் குழு கூடியபோது ஊர்மக்கள் திரண்டுவந்து ஆதரித்துப் பேசினார்கள். கணினி மறுபடி ஓடத் தொடங்கியது.

நூலகத்துக் கணினி ஒன்று எதற்காக இத்தனை கலக்கத்தை உண்டாக்க வேண்டும்? நாம் ஓர் இணையதளத்தைத் திறக்கும்போது, யார் எங்கே போகிறார் என்பது இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்குத் தெரியும்; அந்த நிறுவனத்தை அதட்டிக் கேட்க முடிந்தவருக்கும் தெரியும். டோர் இந்தத் தகவலைக் கூறுபோட்டுவிடுகிறது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று உறைகளில் இட்ட கடிதம்போல, நம் கோரிக்கை மூன்று கணினிகள் வழியாகப் போகிறது. முதல் கணினிக்கு நம்மைத் தெரியும், போகுமிடம் தெரியாது. மூன்றாவதற்குப் போகுமிடம் தெரியும், நம்மைத் தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது. 1990களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் உருவான யோசனை இது. கடற்படை மட்டுமே இதை வைத்துக்கொண்டிருந்தால், இந்த வழியில் வருபவர் எல்லாம் கடற்படையினர் என்று எவரும் சொல்லிவிடலாம். திருவிழாக் கூட்டத்தில்தான் ஓர் ஆள் கரைய முடியும். அதனால் 2002இல் இது எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. இன்று ஆயிரக்கணக்கான கணினிகளைத் தன்னார்வலர்கள் பல நாடுகளில் நடத்துகிறார்கள். பணம் போதாததால் தன்னார்வலர்களை நாடினார்கள் என்று நினைப்பது தவறு. மூன்று கணினிகளும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தால், கூறுபோட்டதை அந்த நிறுவனமே ஒட்டிப் பார்த்துவிடும். ஒருவரையொருவர் அறியாத பலர் பங்குபோட்டுச் சுமப்பதே இங்கே பாதுகாப்பு.

தணிக்கை செய்யும் அரசுகள் சும்மா இருப்பதில்லை. இந்தக் கணினிகளின் முகவரிகள் வெளிப்படையான பட்டியலில் இருப்பதால், அவற்றை ஒட்டுமொத்தமாக அடைத்துவிடலாம். 2021 டிசம்பரில் ரஷ்யா டோரை முடக்கியது. இத்தகைய முடக்கங்களுக்கு விடையாக அதற்கு முன்பே உருவாகியிருந்ததுதான் ‘ஸ்னோஃப்ளேக்’. கட்டுப்பாடில்லாத நாட்டில் இருப்பவர் தன் உலாவியில் சின்னதொரு நீட்டிப்பைச் சேர்த்தால் போதும், முடக்கப்பட்ட நாட்டில் இருப்பவருக்கு அவருடைய கணினி நுழைவாசல் ஆகிவிடும். தகவல் போக்குவரத்து வீடியோ அழைப்புபோலத் தோன்றும். வாசல்கள் ஓயாமல் மாறிக்கொண்டே இருப்பதால் பட்டியலிட்டு அடைப்பது கடினம். 2022 செப்டம்பரில் கைதான இளம்பெண் மாசா அமினியின் மரணத்தையடுத்து ஈரானில் போராட்டம் வெடித்தபோது, அங்கே இதைப் பயன்படுத்துவோர் தொகை மளமளவென்று ஏறியது. இணையத்தையே முழுதாகத் துண்டித்துவிட்டால் இதுவும் உதவாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குற்றவாளிகளுக்கும் இது மறைவிடம் ஆகாதா? ஆகிறது. ‘சில்க் ரோடு’ என்ற போதைப்பொருள் சந்தை டோருக்குள்தான் நடந்தது. 2013இல் அது பிடிபட்டதற்கு உதவிய தடயங்களில் ஒன்று, அதை நடத்தியவர் பழைய இணையப் பதிவொன்றில் விட்டுவைத்திருந்த சொந்த மின்னஞ்சல் முகவரி. வழக்கமான துப்பறியும் வேலைக்கு டோர் முட்டுக்கட்டை போட்டுவிடவில்லை. அதே சமயம் டோரை மூடிவிட்டால், திருடிய கைப்பேசியும் ஊடுருவிக் கைப்பற்றிய கணினியும் குற்றவாளிக்கு மிஞ்சும். ஈரானில் செய்தி தேடும் மாணவிக்கு எதுவும் மிஞ்சாது. தன்னார்வலர் வேடத்தில் திருடரும் நுழையலாமே என்ற கேள்வி இதைவிடக் கனமானது. நுழைந்திருக்கிறார்கள், கடைசிக் கணினியை நடத்தி, அதைக் கடக்கும் தகவலைத் திருட முயன்றிருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடித்து நீக்குவது ஓயாத வேலை. வழியின் இரு முனைகளையும் ஒருசேரக் கண்காணிக்க வல்லவரிடம் டோர் தோற்கக்கூடும். நேர்மையான கணினிகள் பெருகப் பெருகத்தான் அந்த வாய்ப்பு குறையும்.

அப்படிப் பெருகத் தடையாக இருப்பது அச்சம். கடைசிக் கணினியின் முகவரிதான் வெளியே தெரியும் என்பதால், பழி அதை நடத்துபவர்மேல் விழுகிறது. 2017 ஏப்ரலில் மாஸ்கோவின் கணித ஆசிரியர் டிமித்ரி போகதோவ் கைதானார். அவர் கணினி வழியாக யாரோ எழுதியதற்கு அவர் சிறைக்குப் போனார், பிறகு வீட்டுக்காவலில் இருந்தார். 2018இல்தான் வழக்கு கைவிடப்பட்டது. ஸ்னோஃப்ளேக் நடத்துபவருக்கு இந்தப் பழி வருவதில்லை, அவருடைய முகவரி போகுமிடத்துக்குத் தெரியாது. கில்டன் நூலகமும் எடுத்த எடுப்பில் கடைசிக் கணினியாக நிற்கவில்லை. சோதனைக் கட்டத்தில் அது டோருக்குள்ளே மட்டும் தகவலைக் கைமாற்றியது.